காளான் வண்டிக்கு எதிரே

"இன்னைக்கு வெங்காயம் ஜாஸ்தியாப் போடச் சொன்னீங்களாக்கும்?" என்று மனைவி அன்புக்கரசி கேட்டதும், கௌதமன் கொள்ளு ரசத் தம்ளரைக் கீழே வைத்தான்.

எதில் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவனுக்குச் சர்க்கரை ஏறிவிட்டதென்று டாக்டர் மிரட்டிய வாரமே, இனி ரோட்டுக்கடைக் காளான் மசாலாவைத் தொடுவதில்லை என்று இருவரும் காரமடைக் கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். அவளுக்குச் சர்க்கரை கிடையாது. அவனுக்காகவே அவளும் விட்டாள். சத்தியத்தை இவன் மட்டும் மீறினான் என்று தெரிந்தால் அவள் மனது உடைந்துவிடும்.

"ஆரு சொன்னா அம்மணி?"

"ஆராச்சும் சொல்லோணுங்களா?"

காளான் வண்டிக்கு எதிரே புதிதாக நட்டிருந்த ஸ்மார்ட் சிட்டிக் கம்பம் அவன் ஞாபகத்துக்கு வந்தது. உச்சியில் ஒரு கறுப்பு டப்பா. டப்பாவுக்குள் கேமரா, கேமராவுக்குப் பின்னால் கண்ட்ரோல் ரூம், அங்கே இவளுடைய சொந்தக்காரன் எவனோ ஒருத்தன். அவிநாசியிலிருந்து பல்லடம் வரை இவளுக்குச் சொந்தமில்லாத வீடு ஏது?

மறுநாள் ஹெல்மெட்டைக் கழற்றாமல், கண்ணாடியை மட்டும் லேசாகத் தூக்கிவிட்டுத் தின்றான். பாதி மசாலா தாடைப் பட்டைக்குப் போனது.

"தலைய மூடிட்டுத் தின்னா செரிக்குமாங்க?" என்று சாயங்காலம் கேட்டாள். சந்தேகம் உறுதியானது.

அதற்கடுத்த நாள் கொளுத்தும் வெயிலில் குடையை விரித்து, அதற்குள் ஒடுங்கி நின்று தின்றான். அக்கம்பக்கம் என்ன இருக்கிறதென்று அவனுக்கே தெரியவில்லை. தெருவே அவனை வேடிக்கை பார்த்தது. வீட்டில் அவள், மழை பெய்ததா என்று மட்டும் விசாரித்தாள்.

ஒற்றனைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அவனும் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான்.

"அந்தக் கேமராவுல தெரியறதெல்லாம் இனி என்ற போன்லயும் வரும். பேசி வெச்சுப்போட்டேன்."

அன்புக்கரசியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அகப்பட்டாள் என்று உள்ளுக்குள் துள்ளினான். ஆனால் அதன்பிறகு அவள் பேசவே இல்லை. ஏச்சைத் தாங்கலாம், இந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. எல்லாம் தெரிந்து நொந்துபோயிருக்கிறாள் என்று பயந்தான்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தான். மூன்றாம் நாள், கம்பத்தில் ஏணி சாத்தி வேலை செய்துகொண்டிருந்த ஆல்வின் என்ற எலக்ட்ரீஷியனைப் பிடித்து, சத்தியத்திலிருந்து சர்க்கரை வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். கேமராவை வேறு பக்கம் திருப்பிவிடும்படி கும்பிடாத குறையாகக் கெஞ்சினான்.

ஆல்வின் ஏணியில் ஏறி டப்பாவைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு பல்லி இருந்தது.

"கேமரா இன்னும் வரவே இல்லீங்க" என்றான். "நேத்து ஒரு அம்மணியும் இதையேதான் கேட்டாங்க. ஊட்டுக்காரரு போன்ல பாத்துருவாராமா. கையில இருந்த காளான் தட்டக்கூடக் கீழ வெக்காமக் கெஞ்சுனாங்க, பாவம்."