சுத்தத் தண்ணீர்ப் போத்தல்

மரியதாசனின் ஓடையில் கொடுவா மீன் இருப்பதாகப் பரிசோதனைக்கூடம் சொல்லிவிட்டது.

செய்தியைக் கொண்டுவந்தவள் ஷ்ருதி. சென்னையிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். அக்கம்பக்கத்து ஆட்களை வைத்து ஓடைத் தண்ணீர் சேர்க்கும் வேலையை இந்தப் பகுதியில் அவள்தான் பார்க்கிறாள். தண்ணீரில் கிடக்கும் எந்தப் பிராணியும் தோலில், எச்சத்தில் கொஞ்சத்தை அங்கேயே விட்டுத்தான் போகும். தண்ணீரை வடிகட்டி அனுப்பினால், ஆளைக் காணாமலே ஆள் இன்னார் என்று மரபணு காட்டிக்கொடுத்துவிடும்.

"அங்கிள், கொடுவா வெயில் நாட்டு மீன். குளிர்காலத்துல உறைஞ்சு போற ஓடைல அது எப்படி இருக்கும்? அதோட மரபணுவே நிறைஞ்சு, வேற எதுவுமே தெரியல."

மரியதாசனுக்கு விளங்கிவிட்டது. முதல் நாள் ஓடைக்கரையில் நுளம்பு பிடுங்கித் தின்றதால், வாளியில் தண்ணீரை மொண்டு வீட்டுக்கே கொண்டுவந்து, குசினியில் வைத்து வடிகட்டினார். மட்டக்களப்பார் வீட்டுக் குசினி என்றால் கேட்கவா வேண்டும், பக்கத்திலேயே மனைவி கௌசலா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வாளியில் மிஞ்சிய தண்ணீரை வீணாக்காமல் பின்வளவில் மழைத்தண்ணீர் பிடிக்கும் தொட்டியில் ஊற்றியதும் அவள்தான்.

"வடிகட்டியைக் குளிர்ப்பெட்டியில வைக்கச் சொன்னீங்க, பிள்ளை. மீன் பார்சலுக்கு மேலதான் இடம் இருந்தது" என்றார் மெல்ல.

அவருடைய அவசரம் வேறு. ஜூன் மாதத்து அந்தியொன்றில், புவாண்ட்-கிளேர் கிடங்கில் வேலை முடிந்து ஓடையோரமாக நடந்து வரும்போது, கல்லின் மேல் ஓர் ஆமையைக் கண்டார். ஓடு முழுக்க வரைபடம் போல மெல்லிய கோடுகள். அருகி வரும் வரைபட ஆமை அது என்று பிறகு ஷ்ருதி சொன்னாள். அது அவரை நிதானமாகப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் வழுக்கிப் போயிற்று. அன்றிலிருந்து மனிதர் பாதி இந்த உலகத்தில் இல்லை. பெட்டிகளை அடுக்கும்போதும் அந்தக் கோடுகளில் ஏறி எங்கோ நடந்துகொண்டேயிருந்தார். போகப் போகப் பாதை ஈரமாகும், வெளிச்சம் பச்சையாகும். மேலாளர் கூப்பிட்டால்தான் கரையேறுவார்.

ஆனால் யாரும் நம்பவில்லை. ஒரு கம்பனி அந்த ஓடையைக் குழாய்க்குள் அடைத்து, மேலே கார் நிறுத்த இடம் போடக் கேட்டிருந்தது. இலை உதிர்வதற்குள் ஆமைக்கு ஆதாரம் கிடைத்தால் ஓடை பிழைக்கும். இல்லாவிட்டால் சீமெந்துதான்.

எனவே வீட்டில் மீன் தடைசெய்யப்பட்டது. கௌசலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்டிறைச்சி சமைத்தாள். அடுத்த பரிசோதனை முடிவில் ஓடைக்குள் ஆடு இருந்தது.

பிறகு இறைச்சியும் போயிற்று. வீடு முழு மரக்கறியானது. கூனிப் பொட்டலத்தை மட்டும் தொடவிடமாட்டேன் என்று கௌசலா நின்றாள். பின்னேரங்களில் அந்தக் காய்ந்த கூனி இறாலில் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு பின்வளவுப் பக்கம் போவாள். மிளகாய்க் கன்றுக்குப் பசளையாக்கும் என்று அவர் விட்டுவிட்டார்.

இம்முறை குசினியையே நம்பாமல், ஓடைக்குள் இறங்கி நின்று அங்கேயே வடிகட்டினார். நுளம்பு கடித்தது, சொறிந்தார், தும்மினார். இதமான காற்றில் கனவு வேறு வந்து, சற்று நேரம் தண்ணீரோடு கதைத்துக்கொண்டும் நின்றார்.

"இந்தத் தடவை ஒரே ஒரு ஜீவன்தான் தெரியுது அங்கிள்" என்றாள் ஷ்ருதி. "அது நீங்கதான்."

கடைசி வாய்ப்புக்கு அவளே வழி சொன்னாள். ஓடைத் தண்ணீரோடு, வீட்டிலிருந்து ஒரு போத்தல் சுத்தத் தண்ணீரும் கொண்டுபோக வேண்டும். அதையும் அதே மாதிரி வடிகட்ட வேண்டும். சுத்தத் தண்ணீரில் எது தெரிகிறதோ அது வீட்டுச் சரக்கு, அதைக் கழித்துவிடலாம். மரியதாசன் போத்தலைக் கௌசலாவிடம் கொடுத்து, குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருக்கும், அது மட்டும் வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னார். பிறகு கையுறை போட்டு, வாயைக் கட்டி, மூச்சைக் கூட அளந்து விட்டு வேலையை முடித்தார்.

இலைகள் சிவக்கத் தொடங்கிய ஒரு பின்னேரம் ஷ்ருதி வந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம்.

"ஓடைத் தண்ணில ஆமை இல்ல, அங்கிள்."

மரியதாசன் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது, மறைக்கவும் இல்லை. அந்தக் கோடுகளின் மேல் சீமெந்து வழிந்து வருவது அவருக்குத் தெரிந்தது.

"ஆனா சுத்தத் தண்ணிப் போத்தல்ல இருக்கு. நிறையவே இருக்கு."

இத்தனை நாளும் கண்ட கனவுதான் எப்படியோ போத்தலுக்குள் சொட்டிவிட்டது என்று மரியதாசன் மெய்யாகவே நம்பினார். அதைச் சொல்லவும் செய்தார். கனவுக்கு மரபணு கிடையாது என்று ஷ்ருதி தன்மையாக விளக்கிவிட்டு, தேநீரோடு வந்த கௌசலாவிடம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, அந்தத் தண்ணிய எங்கேர்ந்து புடிச்சீங்க?"

"பின்வளவுத் தொட்டியில. எங்கட ஊரில கிணத்துக்குள்ள ஆமை விடுவாங்க, தண்ணி சுத்தமாக் கிடக்கும் எண்டு."

இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். கௌசலா தேநீரை மேசையில் வைத்துவிட்டுக் கணவனிடம் சொன்னாள்:

"என்ன முழிக்கிறீங்க? முதல் நாளே அந்த ஓடைத் தண்ணியோட வாளிக்குள்ள குட்டியைக் கொண்டுவந்து தந்தது நீங்கதானே."