மைக்காரரும் மைப்புட்டியின் மட்டமும்

தாசில்தாருக்குப் பயப்படாத குமாஸ்தாக்களை நான் பார்த்திருக்கிறேன். கலெக்டர் முகாம் வந்த அன்றைக்கே லீவு போட்டுவிட்டு மாமியார் வீட்டு விருந்துக்குப் போன ஒருவரையும் தெரியும். ஆனால் மைக்காரருக்குப் பயப்படாத குமாஸ்தா தருமபுரித் தாலுகாவிலேயே கிடையாது.

இத்தனைக்கும் அவர் விற்றது மை. மை வில்லை, நிப்பு, ஒற்றுத்தாள், அரக்கு. வயது முப்பதுக்குள்தான். தோளில் காக்கிப் பை, கையில் குடை, காதில் ஒரு பென்சில். பெயர் கேட்டால், "மைக்காரர்னே எழுதிக்குங்க" என்பார். தருமபுரி, பாப்பாரப்பட்டி, காரிமங்கலம், நல்லம்பள்ளி என்று ஒவ்வொரு ஊருக்கும் மாதத்தில் ஒரு நாள் குறித்து வைத்திருந்தார். எழுதுகிற கை இருக்கும் இடத்துக்கெல்லாம் அன்றைக்குத் தவறாமல் போவார்.

உள்ளே வந்ததும் வணக்கம் சொல்ல மாட்டார். மேஜைமேல் இருக்கும் மைப்புட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்ப்பார். பிறகு "ம்" என்பார். அந்த "ம்"முக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள். போன மாதத்தைவிட மை வேகமாகக் குறைந்திருந்தால் அங்கே வேலை பெருகிவிட்டது, இன்னொரு ஆள் சீக்கிரம் வேண்டியிருக்கும் என்று அர்த்தம். மை குறையவே இல்லையென்றால் நாற்காலியில் இருப்பவர் எழுதவில்லை, நாற்காலி சீக்கிரம் காலியாகும் என்று அர்த்தம்.

"ஒரு ஆபீசுக்கு ஆளு வேணுமா வேண்டாமான்னு மேனேஜருக்கே தெரியாதுங்க. புட்டிக்குத் தெரியும்" என்பார்.

இதனால் வேலை இல்லாதவர்கள் அவருக்காக வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தார்கள். வேலையில் இருந்தவர்கள் முதல் நாள் சாயங்காலமே பாதி மையைச் செடித்தொட்டியில் ஊற்றினார்கள். ஓர் ஆபீஸ் வாசலில் இருந்த செம்பருத்தி நீலமாகவே பூத்தது என்று சொல்லுவார்கள். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் மைக்காரரை ஏமாற்ற முடியாது. "தொட்டியில ஊத்துன மை எனக்குத் தெரியுங்க. நிப்பு தேயலையே" என்பார்.

ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்த ஒரு தலைமைக் குமாஸ்தாவிடம் அவர் ஒரு நாள், "இருமல் எப்படிங்க இருக்குது?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதர் எழுந்து வெளியே போய், தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று காட்டுவதற்காக ஆபீஸ் முன்னால் இருந்த சாக்கடையை ஒரே தாவலில் தாண்டினார். திரும்பத் தாண்டும்போது கணுக்கால் பிசகிவிட்டது. பத்து நாள் லீவு. அந்தப் பத்து நாளுக்கு ஆக்டிங்காக ஒரு பையனை மைக்காரரே கொண்டுவந்து உட்கார வைத்தார்.

மை போட்டுப் பார்த்துக் குறி சொல்பவர் என்று நினைத்து, தொலைந்த எருதைத் தேடி ஒரு குடியானவர் அவரிடம் வந்ததும் உண்டு. "எங்கிட்ட அந்த மை இல்லீங்க" என்ற மைக்காரர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "எருது இல்லைன்னா உங்க ஏர் ஓட்டுற ஆளு இப்ப சும்மாத்தானே இருப்பாரு? அவரு எங்க இருக்காரு?" என்று கேட்டார். எருது கிடைத்ததா என்று தெரியாது. ஏர் ஓட்டுபவருக்குக் காரிமங்கலத்தில் வண்டி ஓட்டும் வேலை கிடைத்துவிட்டது.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது ஜெர்மனிச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்ச காலம் முன்னால். எனக்கு அவரைவிட நாலு வயது அதிகம். ஒரு வக்கீலிடம் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். வக்கீல் சேலத்துக்குக் குடிபோய்விட்டார். என் நாற்காலி போகவில்லை, வேலை போய்விட்டது. பிரசவத்துக்குக் காரிமங்கலம் போயிருந்த என் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாமனார் மரியாதை தெரிந்தவர். ஒவ்வொரு சந்தை நாளும் வாசலிலேயே நின்று கேட்பார்.

"என்ன மாப்ள, எங்கயாச்சும் அமைஞ்சுதுங்களா?"

"பாத்துக்கிட்டு இருக்கேனுங்க."

"பாருங்க, பாருங்க. அமைஞ்ச பொறவு வண்டி கட்டி அனுப்பி வைக்கிறேன். அவசரம் ஒண்ணும் இல்லீங்க."

உள்ளேயிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்கும். நான் குடித்த மோருக்கு நன்றி சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவேன். ஐந்து மாதத்தில் குழந்தையைக் கையில் வாங்கியது மூன்று முறை. என் நாட்குறிப்பில் தேதியும் நேரமும் இருக்கின்றன.

மைக்காரர் என்னை முதலில் ஏற இறங்கப் பார்த்தார். "சவரம் பண்ணி எத்தனை நாளுங்க ஆச்சு?"

"நாலு."

"வேலை போனது மொகத்துக்குத் தெரியக் கூடாதுங்க. சட்டைக்கும் தெரியக் கூடாது. ஒம்பது மணிக்கு வூட்டை விட்டுக் கெளம்பிடணும். எங்க போறதுன்னு வெளிய வந்து யோசிச்சுக்கலாம்."

பிறகு சொன்னவையெல்லாம் அன்று இரவே எழுதி வைத்தேன். திங்கட்கிழமை யாரையும் பார்க்கப் போகாதே. வீட்டுக் கோபம் ஆபீசுக்கு வந்திருக்கும். புதன்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, கண் அசருவதற்கு முன்னால் போ. மேனேஜரிடம் கேட்பதற்கு முன் பியூனிடம் கேள். எல்லாவற்றுக்கும் மேலாக, "வேலை இருக்குதா?" என்று கேட்காதே.

"வேற என்னத்தைக் கேக்கறது?" என்றேன்.

"வேலை இருக்குதான்னா இல்லைன்னு ஒரே வார்த்தைல முடிச்சுருவாங்க. 'உங்ககிட்ட எது தேங்கிக் கெடக்குது?'ன்னு கேளுங்க. அதுக்கு யாரும் இல்லைன்னு சொன்னதே கெடையாது. சொல்ல ஆரம்பிச்சாங்கன்னா நிறுத்தவும் மாட்டாங்க. சொல்லி முடிக்கறப்ப நீங்க பாதி வேலைல இருப்பீங்க."

இப்படி எனக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு ஓர் இடமும் சொன்னார். பாப்பாரப்பட்டியில் ஒரு புளி மண்டி. மூன்று மாதமாக அங்கே மை நாலு மடங்கு செலவாகிறது. ஒரே ஒரு கணக்குப்பிள்ளை. "மனுசன் பேனாவைக் கீழ வைக்கறதே இல்லீங்க. கண்ணெல்லாம் குழி விழுந்துருச்சு. அங்க இன்னொரு ஆளு நிச்சயம்."

புதன்கிழமை ஒன்றே முக்காலுக்கு மண்டியில் இருந்தேன். முதலாளி சாப்பிட்டு முடித்து, மெத்தையில் சாய்வதற்கு ஆயத்தமாக இருந்தார். கணக்குப்பிள்ளை மூலையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். சொல்லிக் கொடுத்தபடியே கேட்டேன். "உங்ககிட்ட எது தேங்கிக் கெடக்குதுங்க?"

"ஒண்ணும் தேங்கலையே. ஏன்?"

இதற்கு மைக்காரர் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. எதையும் துல்லியமாகச் சொல்வது என் வழக்கம். "இல்லீங்க, மூணு மாசமா இங்க நாலு மடங்கு மை செலவாகுது. அதான், வேலை எச்சா இருக்கும்னு நெனச்சேன்" என்றேன்.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாலு மடங்கா? போன வருசம் வந்த புளியில பாதிகூட இந்த வருசம் வரலையே." அவர் பார்வை மெதுவாக மூலைக்குப் போனது. "ஏய்யா, அந்தப் பாய்க்கு அடியில என்னய்யா?"

பாய்க்கு அடியில் ஒரு கட்டு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. கணக்குப்பிள்ளை மூன்று மாதமாகக் கூத்து எழுதிக்கொண்டிருந்தார். சண்டைக் காட்சிக்கே ஒன்றரைப் புட்டி ஆகியிருந்தது. முதலாளி ஒரு பக்கத்தைப் பிரித்து வாய்விட்டுப் படித்தார். அதில் ஒரு ராஜா. சாப்பிட்டவுடன் மெத்தையில் சாய்பவர். சாய்ந்தவுடன் குறட்டை விடுபவர். குறட்டையில் எதிரிப் படை பயந்து ஓடுகிறது.

"யாருய்யா இந்த ராஜா?"

"ஒரு கற்பனைங்க."

"அவனுக்கு ஏன்யா என் மீசை?"

இரண்டே நிமிஷத்தில் கணக்குப்பிள்ளைக்கு வேலை போனது. முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்க நாளைக்குக் காலைல வந்துருங்க."

வாசலில் கணக்குப்பிள்ளை செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்தான் பேசினார். "விடுங்க. கடைசிக் கட்டம் மட்டும்தான் பாக்கி. வூட்டுல என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

தருமபுரி திரும்பி, நாட்குறிப்பைப் பார்த்துப் பார்த்து மைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் குடையைத் தரையில் ஊன்றி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டார். மட்டம் பார்த்து அவர் தப்பாகச் சொன்னது அதுவே முதல் தடவை.

"நான் காலியாப் போற எடத்தைப் பாக்கறவனுங்க. ஆளைக் காலி பண்றவன் இல்லை" என்றார் கடைசியில். பிறகு, "உங்களுக்கு அந்த வேலை வேணுமா?"

"வேணும்" என்றேன். பொய் சொல்லிப் பயனில்லை. "பையன் குப்புற விழ ஆரம்பிச்சுட்டானாம். நான் இன்னும் பாக்கலை."

"சரி. நாளைக்கு நானும் வர்றேன். நாட்குறிப்பைக் கையோட எடுத்துக்குங்க."

மறுநாள் காலையில் அவர் முதலாளியிடம் என்னைப் புகழ்ந்த புகழ்ச்சி இருக்கிறதே, எனக்கே கூச்சமாக இருந்தது. "இந்த மாதிரி ஆளு ஜில்லாவுலயே கெடைக்க மாட்டாருங்க. கண்ணுல பட்டதை எல்லாம் அப்பிடியே எழுதிருவாரு. ஒண்ணு விடமாட்டாரு. ஏங்க, நேத்து எழுதினதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்."

சந்தோஷமாகப் படித்தேன். "மண்டி. ஒன்று நாற்பத்தைந்து. முதலாளி சாப்பிட்டு முடித்திருந்தார். தராசில் எடைக்கல் வைக்கும் தட்டுக்கு அடியில் புளி அப்பியிருந்தது. இரண்டு குடியானவர்கள் கொண்டுவந்த புளியை எடை போட்டார்கள். இரண்டு தடவையும் யாரும் அதைத் துடைக்கவில்லை. இரண்டு ஐந்து..."

"இருங்க, இருங்க." முதலாளி எழுந்துவிட்டார். "இதையெல்லாம் தெனமும் எழுதுவீங்களா?"

"தெனமும்."

"யாராச்சும் கேட்டா?"

"காட்டுவேனுங்க. மறைக்க என்ன இருக்கு?"

முதலாளி தராசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தெருப் பக்கம் திரும்பி எடைபோடும் ஆளிடம் சொன்னார். "டேய், ஓடிப்போய்க் கணக்குப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வா. கூத்து எழுதறவனே எனக்குப் போதும். அந்த மீசையை மட்டும் எடுத்துரச் சொல்லு."

திரும்பும் வழியில் பஸ்ஸில் மைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. "வேணும்னேதான் என்னைப் படிக்கச் சொன்னீங்க" என்றேன்.

"ஆமாங்க."

"என் கொழந்தை காரிமங்கலத்துல இருக்குது."

"தெரியுங்க." அவர் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார். அடியில் கருப்பாகப் பொருக்கு தட்டியிருந்தது. "நல்லம்பள்ளிப் பக்கம் கேழ்வரகு விதை சோதிச்சுப் பாக்கற சர்க்கார் பண்ணை ஒண்ணு இருக்குது. அங்க இருந்த புட்டி இது. மூணு மாசமா யாரும் தொடலை. எழுத ஆளே இல்லைங்க. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருப்பேன். அதெல்லாம் ஒரு வேலைன்னு எப்பிடிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"ஏன், என்ன வேலை?"

"ஒரு செம்புப் பாத்திரம் வெச்சிருக்காங்க. தெனமும் காலைல எட்டு மணிக்கு அதுல எவ்வளவு மழை விழுந்திருக்குதுன்னு எழுதணும். நம்ம ஊருல மழை எங்கங்க பெய்யுது? தெனமும் சைபர். சைபர் எழுதி எழுதி நாலு பேரு ஓடிட்டாங்க. அதுல ஒருத்தர் பெங்களூரு வரைக்கும் போயிட்டாராம்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. உலகத்தில் இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா?

பண்ணை அதிகாரி களைத்துப்போனவர். இதற்குமுன் நாலு பேரிடம் இதே கேள்விகளைக் கேட்டவர். "மழை பெய்யலைன்னா என்ன எழுதுவீங்க?"

"சைபர்."

"நாற்பது நாள் பெய்யலைன்னா?"

"நாற்பது சைபர்."

"ஏங்க, இடையில பத்து நாள் எழுதாம விட்டா என்ன கெட்டுப்போச்சு? வந்தாத்தானே எழுதணும்?"

"வராததையும் எழுதினாத்தானுங்க, வர்றப்ப எத்தனை நாள் கழிச்சு வந்துதுன்னு தெரியும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு மைக்காரரைப் பார்த்தார். மைக்காரர் பையைத் திறந்து ஒரு புதுப் புட்டியை மேஜைமேல் வைத்தார்.

அடுத்த சந்தை நாள் காரிமங்கலத்தில் மாமனார் வாசலில் கேட்டார். சொன்னேன். "மழை பெய்யலைன்னு எழுதறதுக்கா சம்பளம்?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆனாலும் சர்க்கார் வேலை. வண்டி கட்டினார். பையன் வழியெல்லாம் என் சட்டைப் பையிலிருந்த பென்சிலைக் கடித்துக்கொண்டு வந்தான்.

அதன் பிறகு மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மைக்காரர் பண்ணைக்கு வருவார். என் புட்டியை வெளிச்சத்தில் பிடிப்பார். தாம் வேலையில் சேர்த்துவிட்ட ஒவ்வொருவருடைய புட்டியையும் இப்படிப் பார்ப்பாராம். மட்டம் ஒழுங்காக இறங்கியிருந்தால் "ம்" என்று சொல்லிவிட்டு மோர் கேட்பார். அந்த "ம்"முக்கு நான் பயந்ததே இல்லை. ஒரு முறை, "ஊரெல்லாம் ஆளு சேத்து விடறீங்களே, நீங்க ஏன் ஒரு வேலைல ஒக்கார மாட்டேங்கறீங்க?" என்று கேட்டேன். "ஒக்காந்துட்டா மத்த புட்டியெல்லாம் யாருங்க பாக்கறது?" என்றார்.

சண்டைக் காலத்தில் நிப்பு கிடைக்கவில்லை, மை வில்லை கிடைக்கவில்லை. விற்க ஒன்றும் இல்லாமல், வெறும் பையோடு வந்தார். மட்டம் பார்த்தார், மோர் குடித்தார், போனார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. ஓசூர் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். கொள்ளேகாலத்தில் என்றார் இன்னொருவர். பெயர் தெரியாத மனிதரை யாரிடம் போய் விசாரிப்பது?

இப்போதும் காலை எட்டு மணிக்கு மழை எழுதுகிறேன். முதல் செவ்வாய்க்கிழமைகளில் அதற்குக் கீழே என் சொந்த நாட்குறிப்பில் இன்னொரு வரியும் எழுதுகிறேன்: "மைக்காரர் வரவில்லை." இதை எதற்கு எழுதுகிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள். அவர் வருகிற அன்றைக்கு, எத்தனை நாள் கழித்து வந்தார் என்று தெரிய வேண்டாமா?