அசல் இயந்திரத்தில் ஓடும் தவளை

கேசட் பிளேயரைத் திறந்து பார்த்தபோது அதன் ரப்பர் பட்டை கூழாகியிருந்தது. செயலாளர் ஒரு தீக்குச்சியால் கிளறினார். பழைய மிட்டாய் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது.

கண்காட்சி மூன்று மணிக்கு. இப்போது மணி பதினொன்று.

பழுப்புப் பெட்டிக் கணினி ஆர்வலர் சங்கத்தில் மொத்தம் ஆறு பேர். நாற்பது வருடங்களுக்கு முன் வீடுகளுக்கென்று விற்பனைக்கு வந்து, இரண்டே வருடத்தில் காணாமல்போன ஒரு பழுப்பு நிறக் கணினியைத் தொடர்ந்து வாழவைப்பது அவர்கள் லட்சியம். உலகம் அப்படி எதையும் அவர்களிடம் கேட்டுக்கொள்ளவில்லை. நூலகத்தின் பின்னறையில் அவர்களுக்கு ஒன்பது பெட்டிகள் இருந்தன. அதில் எட்டு 'காட்சிக்கு மட்டும்'. அதாவது, செத்துப்போனவை.

நூலகர் போன மாதமே சொல்லிவிட்டார்.

"செயல்படுற சங்கத்துக்குத்தான் சார் ரூம். இந்த வருஷம் புதுசா ஒரு புரோகிராமாவது வெளியிடணும். கண்காட்சிக்கு இருபத்தஞ்சு பேர் வந்து கையெழுத்துப் போடணும். இல்லைன்னா திங்கட்கிழமையிலேருந்து ரூமைச் சிரிப்புப் பயிற்சிக்காரங்களுக்குக் குடுத்துடுவோம்."

அறை போனால் ஒன்பது பெட்டிகளும் செயலாளர் வீட்டுக்குத்தான் வரவேண்டும். அதற்கு அவர் மனைவியின் பதில் தெளிவாக இருந்தது. "அதெல்லாம் உள்ளே வந்தா நான் கோவிச்சுக்கிட்டு எங்கேயும் போகமாட்டேங்க. நீங்கதான் போவீங்க."

புதுப் புரோகிராம் தயார். ஒரு தவளை கிணறு கிணறாகத் தாண்டும் விளையாட்டு. ஆனால் அதை எழுதியவர் சங்கத்தில் இல்லை. சங்கத்திலேயே புரோகிராம் எழுதத் தெரிந்த ஒரே ஆளான அவரை, மூன்று மாதம் முன்பு தலைவர் நீக்கியிருந்தார். மெமரி கார்டிலிருந்து புரோகிராமை ஏற்றியது குற்றம். 'அசல் இயந்திரம், அசல் டேப், அசல் டிவி' என்பது தலைவரின் கொள்கை. தலைவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆய்வாளர். மேலே போகிற எதையும் பாதியில் நிறுத்துகிற அதிகாரம் முப்பது வருடம் அவர் கையில் இருந்தது, பழக்கம் விடவில்லை.

நீக்கப்பட்டவரிடம் செயலாளர் ரகசியமாகக் கெஞ்சி வாங்கிய டேப்தான் இப்போது பட்டை இல்லாத பிளேயருக்குள் இருந்தது. அந்தப் பெட்டிக்குப் புரோகிராம் என்பது டேப்பில் பதிந்த கீச்சுச் சத்தம்தான்; பிளேயர் கத்தினால் பெட்டி கேட்டு ஏற்றிக்கொள்ளும்.

வீட்டுக்கு ஓடினார். மனைவியின் தலைமுடி ரப்பர் பேண்டை எடுத்துவந்து மாட்டினார். டேப் சுழன்றது. பன்னிரண்டு நிமிடம் கீச்சுக்கீச்சென்று கத்தி முடித்த பிறகு, திரையில் 'பிழை' என்று வந்தது. வேகம் போதவில்லை போலும் என்று இரண்டாவது ரப்பர் பேண்டையும் மாட்டினார். இந்தமுறை பிளேயர் டேப்பை நூடுல்ஸாக்கி வெளியே துப்பியது.

நீக்கப்பட்டவருக்கு போன் போட்டார்.

"இன்னொரு டேப் கிடைக்குமாங்க?"

"டேப்புக்கு எங்கே போறது? அந்தச் சத்தத்தை போன்ல அனுப்பறேன். போனை வயர்ல பெட்டியோட மாட்டி ஓட விடுங்க. ஏறிடும்."

"தலைவருக்குத் தெரிஞ்சா?"

"என்ன பண்ணுவார்? என்னைத் திரும்பவும் நீக்குவாரா?"

அந்தப் பெட்டியின் முதுகில் ஒரே அளவில் இரண்டு துளைகள் அருகருகே இருக்கும். ஒன்று ஒலிக்கு, ஒன்று மின்சாரத்துக்கு. மாற்றிச் செருகினால் பெட்டி காலி. இதை விளக்கிச் சிவப்பு மையில் அறிவிப்பு எழுதிச் சுவரில் ஒட்டியவர் செயலாளர்தான். அந்த அறிவிப்புக்குக் கீழேயே நின்றுகொண்டு, போன் வயர் எங்கே என்று தேடியபடி, மின்சாரத்தை ஒலித் துளையில் செருகினார்.

மெல்லிதாகப் புகை எழுந்தது. காட்சிக்கு மட்டும் உள்ள பெட்டிகள் ஒன்பதாயின.

ஒரு மணிக்கு மைத்துனன் வந்தான். கேபிள் டிவி இணைப்புக் கொடுப்பவன்; எந்தக் காலத்து டிவியையும் எதனுடனும் இணைத்துவிடுவான்.

"ரொம்ப சிம்பிள் மாமா. மேசை மேல செத்த பெட்டி இருக்கட்டும். கீழே என் லேப்டாப். பழைய பெட்டி மாதிரியே நடிக்கற புரோகிராம் அதுல இருக்கு, போன்ல வந்த தவளையை அதுல ஏத்திடலாம். அதுலேருந்து ஒரு வயர் டிவிக்கு. துணியைத் தரை வரைக்கும் தொங்க விட்டுடுங்க."

"மேலே ஒருத்தர் பட்டனை அமுக்குவாரே, மாப்ள?"

"அமுக்கட்டும். நான் கீழே உட்கார்ந்து அதே பட்டனை அமுக்கறேன்."

"எந்தப் பட்டன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க வர்ணனை பண்ணுங்க. கிரிக்கெட்டுக்குப் பண்றதில்லையா?"

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. முதலில் வந்தவர்கள் சிரிப்புப் பயிற்சிக்காரர்கள், பன்னிரண்டு பேர். கையோடு அளவு நாடா கொண்டுவந்து சுவரை அளந்தார்கள். செயலாளர் அவர்களிடமும் கூசாமல் கையெழுத்து வாங்கினார். மனைவி வழிச் சொந்தம் ஏழு பேர், சங்கத்தார் வீட்டு ஆட்கள் ஐந்து பேர். ஆக இருபத்துநான்கு.

தலைவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"நண்பர்களே! இன்னைக்கு உங்க கையில இருக்கற போன்ல எல்லாம் இருக்கு. ஆனா ஆன்மா இருக்கா? இந்தப் பெட்டியில இருக்கு! வெறும் பதினாறு கிலோபைட்! இதுல ஏமாத்து கிடையாது. கீழே ஒண்ணு, மேலே ஒண்ணு கிடையாது!"

மேசை லேசாக இருமியது. செயலாளரும் அவசரமாக இருமி வைத்தார்.

தலைவர் விளையாட உட்கார்ந்தார்.

"ஆஹா, தலைவர் இடது பக்கம் போறார்!" என்று செயலாளர் கத்தினார். தவளை இடது பக்கம் போனது. "இதோ தாவப் போறார்! தாவிட்டார்! திரும்பவும் வலது!"

"ஏன்யா காதுல வந்து கத்தற?" என்றார் தலைவர்.

"உற்சாகம் சார்."

மைத்துனனுக்குச் சின்ன வயதிலிருந்தே தோற்பது பிடிக்காது. மூன்றாவது கிணற்றுக்கு மேல் அவன் வர்ணனையைக் காதில் வாங்கவே இல்லை. தவளை பாம்பை ஏய்த்தது, வாளிக்குள் புகுந்து வெளியே வந்தது, பதினேழு கிணறு தாண்டியது. வாழ்நாளில் எந்த விளையாட்டிலும் இரண்டாவது கட்டத்தைத் தாண்டியிராத தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தீங்களா? நான் நினைக்கறதுக்கு முன்னாடியே செய்யுது!"

எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் எழுந்து கும்பிட்டார். தவளை தொடர்ந்து தாண்டிக்கொண்டிருந்தது.

நூலகர் அருகில் வந்தார். "சார், நீங்க கையை எடுத்தப்புறமும் ஓடுதே?"

தலைவர் கொஞ்சமும் அசரவில்லை.

"அதுதான் சார் அந்தக் காலத்துத் தயாரிப்பு! ஒரு தடவை சொன்னாப் போதும், கடைசி வரைக்கும் நிக்காது. இப்ப வர்றதெல்லாம் இப்படி உழைக்குமா?"

"ஓ," என்றார் நூலகர். நம்பினாரா, அலுத்துப்போனாரா என்று தெரியவில்லை. பதிவேட்டைப் பார்த்தார். "இருபத்துநாலுதான் இருக்கு. அஞ்சு நிமிஷத்துல மூடணும்."

செயலாளர் வெளியே பாய்ந்தார். நாளிதழ் பகுதியில் தினமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும் வயதான அம்மாளைத் தவிர யாரும் இல்லை.

"அம்மா, ஒரே ஒரு கையெழுத்து! உள்ளே வாங்கம்மா!"

"எதுக்குப்பா?"

"கணினிக் கண்காட்சிம்மா. பார்த்தேன்னு ஒரு கையெழுத்து."

"பார்க்காம பார்த்தேன்னு எப்படிப் போடறது?"

அம்மாள் நாளிதழை நான்காக மடித்து வைத்துவிட்டு நிதானமாக வந்தார். பெட்டியைப் பார்த்ததும் நின்றார். திரையைப் பார்த்தார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்திருக்க வேண்டும். பிறகு குனிந்து, யாரும் தடுப்பதற்குள், மேசைத் துணியை ஒரு சாண் தூக்கினார்.

உள்ளே மைத்துனன், கழுத்து மடங்கி, மடியில் லேப்டாப்போடு அம்மாளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் ஒன்பது பெட்டிகளும் அவரும் தெருவில் நிற்பது தெரிந்தது.

"பேனா குடுப்பா," என்றது அம்மாளின் குரல்.

அம்மாள் துணியை இறக்கி, சுருக்கம் நீவிவிட்டு, இருபத்தைந்தாவது வரிசையில் கையெழுத்துப் போட்டார். நூலகர் பதிவேட்டை மூடிக்கொண்டு போனார். தலைவர் அங்கே சிரிப்புப் பயிற்சிக்காரர்களிடம் ஆன்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மா... அது வந்து..." செயலாளர் மேசையை மறைத்துக்கொண்டு நின்றார். "இப்படி இதுக்கு முன்னாடி நடந்ததே இல்லைம்மா. எப்பவும் அசல் இயந்திரத்துலதான்..."

"அந்தப் பையனுக்கு முதுகுக்கு ஒரு தலையணை குடு," என்றார் அம்மாள். "இந்தப் பெட்டியைக் கம்பெனி முதமுதல்ல ஊருக்குக் காட்டினப்போ, நாலு நாளும் மேசைக்கு அடியில உட்கார்ந்து அமுக்கினது நான்தான், அன்னைக்கும் இது ஓடலை."