சிவபாலன் அங்கிளுக்கு ஒரு நாற்காலி

நன்றாகத் தெரிந்த வேலையில்தான் மனிதன் மானம் போகிற மாதிரி சொதப்புகிறான். தெரியாத வேலை என்றால் யாரையாவது கேட்டிருப்பான். மொன்ட்ரியாலில் ஆறு வருடம் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்கிய நான், இதை ஒரு கல்யாண மண்டபத்தில் நூறு பேர் முன்னிலையில் நிரூபித்தேன்.

நான் மதுரைக்காரன். அப்போது தர்சினியைக் காதலித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அதே மொன்ட்ரியாலில் செயின்ட்-மிஷேல் பகுதியில் வீடு. அவளுடைய அம்மா பரமேஸ்வரி ஆன்ட்டி எங்கள் விஷயத்தில் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். (அந்தப் 'பாப்ப'த்திலேயே எட்டு மாதம் ஓடிவிட்டது.) அவர் கணவர் சிவபாலன் இறந்து மூன்று வருடம்.

அந்தச் சமயத்தில்தான் தர்சினியின் அண்ணனுக்குக் கல்யாணம் வந்தது. பக்கத்து நகரமான லவாலில் மண்டபம், மதிய விருந்து. ஆன்ட்டியிடம் நல்ல பெயர் வாங்க, நாற்காலிகளுக்கு முன் வைக்கும் பெயர் அட்டைகளை நானே செய்கிறேன் என்று வலியப் போய் நின்றேன்.

"நூறு பேருக்கும் கையால எழுதப் போறியளோ?" என்றாள் தர்சினி.

"கையாலயா? அஞ்சு வரி ஸ்கிரிப்ட். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும்."

டீ ஆறுவதற்குள் முடிந்துதான் விட்டது. பெயர்கள் ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக இருந்தன. கோப்பைப் படித்து, ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை செய் என்று, கணினியின் கட்டளைத் திரையான ஷெல்லில் ஒரு சுற்றுக் கட்டளை எழுதினேன். அப்படி எழுதினால் ஷெல் வரியைப் பார்க்காது, இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டும். கற்றுக்குட்டிக்கும் தெரிந்த பாடம். ஆனால் நான் சோதித்துப் பார்த்தது குமார், ராஜா, மீனா. மூன்றும் ஒற்றைச் சொல். அற்புதமாக வந்தது! முழுப் பட்டியலையும் ஓட்டி, அச்சுக்கடைக்கு அனுப்பி, வந்த பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மண்டபத்தில் ஒப்படைத்தேன்.

கல்யாணத்தன்று மண்டபப் பொறுப்பாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, பிரெஞ்சில் பெருமையோடு சொன்னார்: "நூறு பேர் என்றீர்கள், அட்டை இருநூற்றுச் சொச்சம் இருந்தது. கவலைப்படாதீர்கள், எல்லோருக்கும் நாற்காலி போட்டுவிட்டோம்."

உள்ளே ஓடினேன். 'ரஞ்சினி'க்குப் பக்கத்தில் 'கந்தையா'. 'குகன்' பக்கத்தில் 'வேலுப்பிள்ளை'. வந்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் இரண்டாவது சொல் அப்பாவின் பெயர் அல்லது கணவரின் பெயர். ஆகவே ஒவ்வொருவர் பக்கத்திலும் அவரவர் அப்பாவுக்கோ கணவருக்கோ ஓர் இருக்கை. பாதிப் பேர் காலமாகிவிட்டவர்கள். 'டொக்டர்' என்ற அட்டை தனியாக ஒரு நாற்காலியை ஆண்டுகொண்டிருந்தது. தலை நரைத்த ஒருவர் தன் அப்பாவின் பெயரைப் பார்த்ததும், குடித்துக்கொண்டிருந்த பியரை மேசைக்கு அடியில் மறைத்தார்.

சமையலறை ஓரத்தில் மடிக்கணினியைத் திறந்து, இடைவெளியில் வெட்டாமலிருக்க அந்தக் கட்டளையைச் சுற்றி மேற்கோள் குறி போட்டேன். இப்போது நூறு பேரும் சேர்ந்து ஒரே அட்டையில் வந்தார்கள். (வரி வரியாகப் படிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் என் பெயரே எனக்கு ஞாபகமில்லை.)

"அம்மா உங்களைக் கூப்பிடுறா," என்றாள் தர்சினி. அவள் முகத்தில் சிரிப்பில்லை.

முதல் மேசையில் ஆன்ட்டி தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலி. அதன் முன்னால் 'சிவபாலன்'.

"சாரி ஆன்ட்டி. ப்ரோக்ராம்ல ஒரு தப்பு, பேரை ரெண்டா வெட்டிடுச்சு. இப்பவே எடுத்துடறேன்," என்று அட்டையை எடுக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கோ தம்பி. மகன்ர கலியாணத்துக்கு இவர் இல்லையே எண்டு காலமையில இருந்து அழுதுகொண்டிருந்தனான். நீங்கள் கூட்டிக்கொண்டு வந்திட்டியள்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

"எல்லாற்ற அப்பாமாரையும் கூப்பிட்டியள், சரி. இத்தனை பேருக்கும் சாப்பாடு காணுமோ?"

அடுத்த வருடம் எங்கள் கல்யாணம் நடந்தது. ஆன்ட்டி மாமி ஆனார்.

சென்ற மாதம் எங்கள் மகளின் பிறந்தநாளுக்கு மறுபடியும் அட்டைகள் செய்தேன். ஒரு பெயருக்கு ஓர் அட்டை, ஒரு பிசகு இல்லை. மாமி வந்து உட்கார்ந்தார். தன் அட்டையைத் தூக்கிப் பார்த்தார், பக்கத்தில் பார்த்தார்.

"இவற்ற அட்டை எங்க?"

"அந்தத் தப்பைத் திருத்திட்டேன் மாமி," என்றேன் பெருமையாக.

"ஆர் உங்களைத் திருத்தச் சொன்னது?"

அன்றிலிருந்து ஒழுகும் குழாயைக்கூட என்னால் நிம்மதியாகச் சரிசெய்ய முடிவதில்லை. ஸ்பேனரைக் கையில் எடுத்ததும் மனைவியும், தமிழைவிடப் பிரெஞ்சே சுலபமாக வரும் என் மகளும் ஒரே குரலில் கேட்கிறார்கள்:

"ஆர் உங்களைத் திருத்தச் சொன்னது?"