உங்கள் தங்கையும் காளான் மருந்தும்

மதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தையல்கடை மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை மறுக்கிறது. நீங்கள் உடனே புறப்பட்டு வந்து உங்கள் தங்கையைத் தடுக்க வேண்டும்.

அவள் ஓட்டிய ரயிலின் முன்னால் அந்த மனிதர் விழுந்ததிலிருந்து அவள் வேலைக்கே போகாதது உங்களுக்குத் தெரியும். குக்கர் விசிலடித்தாலும் அவள் கை பிரேக்கைத் தேடும். எந்த மாத்திரைக்கும் குணமாகவில்லை. கடைசியில், பெரிய ஆஸ்பத்திரியில் ஏதோ ஆராய்ச்சியாம், காளானிலிருந்து எடுத்த மருந்தாம், பேர் கொடுத்துவிட்டேன் என்று வந்து நின்றாள். "காளான்னா நானே வாங்கி வறுத்துத் தருவேனே, இதுக்கா ஆஸ்பத்திரி?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இது வேற காளான். வீட்ல கீட்ல எதையும் பண்ணி வைக்காதீங்க. இறுகின களிமண்ணு கொஞ்ச நேரம் இளகுற மாதிரி மனசு இளகும். அப்போ பழைய நினைப்போட வேற விதமாப் பழகக் கத்துக்கலாம். எல்லாருக்கும் ஒத்துக்காது, அதான் பக்கத்துலயே இருக்கோம்" என்றார்.

மருந்து கொடுத்த அன்று, வெளிச்சம் படாமலிருக்க அவள் கண்ணைக் கட்டும் துணியில் ஓரம் பிரிந்திருந்தது. தைத்துவிடலாமே என்று நான் ஊசியை எடுக்க, நர்ஸ் அலற, என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே தாகத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்த பிறகுதான், ஐயோ, இது அவளுக்கு வைத்த மருந்தோ என்று டம்ளரை முகர்ந்து பார்த்தேன். எதிரே திரைச்சீலை நெளிகிறது! "அம்மா, எனக்கு ஏறிடுச்சு!" என்று கத்தினேன். நர்ஸ் வந்து ஃபேனை நிறுத்தினார். திரைச்சீலையும் நின்றது. நான் குடித்தது பூந்தொட்டிக்கு ஊற்ற வைத்த தண்ணீராம்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "உங்க மீசை மூச்சு விடுதுங்க" என்று சிரித்தாள். எத்தனை காலமாயிற்று மச்சான், அந்தச் சிரிப்பைக் கேட்டு! பிறகு மெதுவாக, "அவர் முகத்தை இன்னிக்குத்தான் நேராப் பார்த்தேன். 'பிரேக் போட்டேன், வண்டி நிக்கல'ன்னு சொன்னேன். முழுசாச் சொல்லி முடிச்சேன்" என்றாள். போர்வையை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

வீட்டுக்கு வந்த பின் ஒரு வாரம் ஒரே அழுகை. அதுவும் நல்லதுக்குத்தானாம், டாக்டரம்மாவிடம் போய்ப் போய்ப் பேசிவிட்டு வருகிறாள். என் சமையலில் உப்பே இல்லை என்கிறாள், இத்தனை நாள் ருசியே தெரியவில்லையாம். அவளைத் தேற்ற நீங்கள் போனில் பாடுவதையும் நிறுத்தச் சொல்லச் சொன்னாள். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது இன்னொரு தடவை அந்த மருந்தாம், அப்புறம் மறுபடி ரயில் ஓட்டணுமாம்! திரும்பவும் ஏதாவது ஆனால் தாங்குவோமா? நீங்கள் சொன்னால் கேட்பாள். ஓடி வாருங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், வாண்டுகளுக்கு என் முத்தமும்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பியவனை, "ஸ்டேஷன் வரைக்கும் வர்றீங்களா?" என்று கூட்டிப்போனாள். ரயில் பெரும் சத்தத்தோடு உள்ளே வந்தபோது என் கையை இறுக்கிப் பிடித்தாள், ஆனால் கண்ணை மூடவில்லை. மூடியது நான்தான். "நின்னுடுச்சுங்க, கண்ணைத் திறங்க" என்றாள். மச்சான், நீங்கள் வர வேண்டாம். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போக நானே பேர் கொடுத்துவிட்டேன்.