அக்காவின் தொப்பி

கடல் தெரியும் அறை என்றுதான் ஹோட்டல் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். பொய்யில்லை. குளியலறையில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, காற்றுக்காக விட்டிருந்த சின்ன ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டால், இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே நீலமாக ஏதோ தெரிந்தது.

"தெரியுதாங்க?" என்று வெளியிலிருந்து மனைவி கேட்டாள்.

"தெரியுது, தெரியுது. நல்ல நீலம்," என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

அப்போது பக்கத்து மொட்டை மாடியில் ஒருவர் வந்து அந்த நீலத்தை உதறி மடித்து எடுத்துக்கொண்டு போனார். தார்ப்பாய். மெக்கானிக் வாளியிலிருந்து இறங்கினார்.

கடல் இல்லாவிட்டால் படம் இல்லை. படம் இல்லாவிட்டால் அவருக்கு இன்றைக்குப் பிழைப்பில்லை.

விஷயம் இதுதான். மனைவியின் அக்கா போன வருஷம் இதே தீவுக்கு வந்துபோனாள். வெள்ளை மணல், நீலக் கடல், சாய்ந்த தென்னை, நடுவில் அகலத் தொப்பியோடு அக்கா. அந்தப் படம் கதவளவு பெரிதாகி அவள் வீட்டு ஹாலில் தொங்கியது. எப்போது போனாலும் அதற்கு நேர் கீழே உள்ள நாற்காலியைத்தான் தங்கைக்குப் போடுவாள். "நீயும் ஒரு தடவை போய்ட்டு வாயேண்டி" என்று வேறு சொல்லுவாள்.

மெக்கானிக்கோ எண்ணெய்ப் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்திக் கடைசிச் சொட்டுக்குக் காவல் இருக்கும் ரகம். விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போக இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டைத் தேடினார். விமானம் இந்தத் தீவில் காலையில் இறக்கிவிட்டு இரவில்தான் மறுபடி ஏற்றிக்கொள்ளும். இத்தனை நேரம் யார் காத்துக் கிடப்பார்கள் என்று எல்லாரும் ஒதுக்கிய டிக்கெட். அவர் அதை வாங்கிவந்து, "உனக்காகத்தாம்மா தீவு வழியா போட்டேன்" என்று ஒரு போடு போட்டார். அவள் அதை நம்பினாள். நம்பியதோடு நிற்காமல், குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள்.

அக்கா உடனே தன் தொப்பியைக் கொடுத்தனுப்பினாள். போனில் உத்தரவும் வந்தது. "அங்க பெரிய கடையில வாங்கினதுடி. படத்துக்குப் போட்டுக்க. கசங்காம கொண்டாந்து குடுத்துடு."

தொப்பியின் உள்பக்கம் சிவப்பு நூலால் ஏழு என்று தைத்திருந்தது. அது என்னவென்று தங்கை கேட்டதற்கு, "சைஸுடி, வேற என்ன?" என்றாள் அக்கா. படத்தை எந்த இடத்தில் எடுத்தாய் என்று கேட்டபோது மட்டும், "பீச்சுலதான். போனா கிடைக்கும்" என்று வேறு பேச்சுக்குத் தாவினாள்.

விமானத்தில் அந்தத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மனைவி கண்ணைக்கூட மூடவில்லை. கைக்குழந்தையை வைத்திருப்பவர்கள்கூடக் கொஞ்சம் அசந்து தூங்கினார்கள்.

இப்போது அவள் போன் 'டிங்' என்றது. அக்காதான். "படம் எங்கேடி? எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்."

கீழே மேஜையில் தீக்குச்சியால் பல் குத்திக்கொண்டிருந்த ஹோட்டல் மேனேஜரிடம் ஓடினார் மெக்கானிக்.

"மொட்டை மாடிக்குப் போனா முழுக் கடலும் தெரியும் சார். படிக்கட்டுலதான் பழைய மெத்தையை அடுக்கி வெச்சிருக்கோம். லிஃப்ட்ல போங்க. கொஞ்சம் முரண்டு பிடிக்கும்."

"யார்கிட்ட? என்கிட்டயா?" என்று சிரித்தார் மெக்கானிக். காலையிலிருந்து அவர் சிரித்த ஒரே சிரிப்பு அதுதான்.

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது. பொத்தான்கள் இருந்த தகட்டைச் சாவியால் நெம்பிக் கழற்றினார். "ஒரே நிமிஷம். கொண்டை ஊசி ஒண்ணு குடு" என்றார். ஊசியை உள்ளே விட்டதும் விளக்கும் போனது.

"என்னங்க, இது உங்க தொழில்தானே?"

"ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு குணம் இருக்கும்மா."

அபாய மணியை விடாமல் அழுத்தினார். யாரோ காப்பி கேட்கிறார்கள் என்று நினைத்து, "பால் தீர்ந்துபோச்சு!" என்று கீழிருந்து மேனேஜர் கத்தினார்.

இருட்டில் மனைவி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தாங்க. அவ போட்டுக் கழிச்ச கவுன் எனக்கு. அவ படிச்சுக் கிழிச்ச புஸ்தகம் எனக்கு. இப்ப தொப்பியும் அவளோடதுதான். படமாவது என்னோடதா இருக்கட்டும்னு பார்த்தேன். அவகிட்ட காட்டிப் பெருமை அடிக்க இல்ல. அந்த நாற்காலியில ஒரு தடவை நிமிந்து உக்காரணும். அவ்வளவுதான்."

இவளை மலிவு டிக்கெட்டில் ஏற்றிவந்து உனக்காக என்று சொன்னோமே என்று மெக்கானிக்குக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். லிஃப்ட் தடாரென்று உயிர் பெற்று அவர்களைக் கீழ்த்தளத்திலேயே கொண்டுபோய் இறக்கியது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"வா, நேரா பீச்சுக்கே போயிடலாம்!"

டாக்சி இறக்கிவிட்ட இடத்தில் கடல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. படகுகள் ஒருக்களித்துக் கிடந்தன. நடுவில் ஒரு புல்டோசர் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது.

"கடல் எங்கப்பா?"

"உள்வாங்கியிருக்கு சார். ராத்திரி வந்துடும்," என்றார் டாக்சிக்காரர்.

"ராத்திரி எங்களுக்கு ஃப்ளைட்டுப்பா!"

"அப்ப அடுத்த தடவை பாத்துக்கலாம் சார்."

மறுபடி 'டிங்'. "என்னடி, கடல்ல விழுந்துட்டியா?" விழுவதற்காவது கடல் இருந்தால் தேவலை என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

"அந்தப் படகுகிட்ட நில்லும்மா. புல்டோசர் தெரியாம எடுத்துடறேன். தொப்பியைப் போட்டுக்க. இன்னும் கொஞ்சம் சாச்சு..."

சாய்த்த தொப்பியைக் காற்று தூக்கிக்கொண்டு போனது.

"ஐயோ, அக்கா தொப்பி!"

மெக்கானிக் சேற்றில் பாய்ந்தார். முதலில் ஒரு செருப்பு போனது, அடுத்து இன்னொன்று. முழங்கால் வரை புதைந்து, இடுப்பு வரை புதைந்து, கடைசியில் புல்டோசரின் இரும்பு வாய்க்கு ஒரு சாண் முன்னால் தொப்பியைப் பிடித்துவிட்டார். பந்தயத்தில் கோப்பை ஜெயித்தவர்போல அதைத் தலைக்குமேல் ஏந்திக்கொண்டு திரும்பினார். அதில் ஒரே ஒரு சேற்றுப் பொட்டுதான். மனைவி கைக்குட்டையால் துடைத்தாள். பொட்டு உள்ளங்கை அளவானது.

"நாளைக்கு அவ முகத்துல எப்படிங்க முழிப்பேன்?" என்று அவள் உட்காரப் போனபோது மழை பிடித்துக்கொண்டது.

சாலைக்கு எதிரே இருந்த ஒரு கடையின் வாசலுக்கு ஓடி ஒதுங்கினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பாஸ்போர்ட் படங்களும் கல்யாண ஜோடிகளும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். போட்டோ ஸ்டூடியோ. மெக்கானிக்கின் மூளையில் பொறி தட்டியது. உள்ளே தலையை நீட்டிக் கிசுகிசுத்தார்.

"அண்ணே, கடல் படம் எடுப்பீங்களா?"

மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்த ஸ்டூடியோக்காரர் எழுந்தார். "எந்தக் கடல் வேணும்? காலைக் கடல், சாயங்காலக் கடல், நிலாக் கடல் எல்லாம் துணியில வரைஞ்சு வெச்சிருக்கேன். மணல்கூட உள்ள மூட்டையில இருக்கு, கொட்டிக்கலாம்."

"நான் வரல," என்றாள் மனைவி.

"யாருக்கும்மா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேங்க!" அவள் குரல் உடைந்தது. "அவ நிஜக் கடல் முன்னாடி நின்னா. நான் துணிக்கு முன்னாடி நின்னுட்டு, அதே நாற்காலியில போய் உக்காரணுமா? ஆயுசுக்கும் அவளை நிமிந்து பார்க்க முடியுமா?"

போன் மூன்றாவது தடவையாக 'டிங்' என்றது. அக்கா இல்லை, அம்மா. "பாட்டியும் சித்தியும் என் போனைச் சுத்தி உக்காந்திருக்காங்க. சீக்கிரம் அனுப்பு கண்ணு." இவ்வளவு பேர் காத்திருக்கும்போது அவளால் என்ன செய்ய முடியும்? முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சேறு தெரியாத பக்கமாகத் திருப்பித் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய், அக்காவின் படத்தைப் போனில் எடுத்து, திருட்டுப் பொருளை விற்க வந்தவள்போலக் குனிந்த தலையோடு நீட்டினாள்.

"இதே மாதிரி வேணும். அச்சு அசலா இதே மாதிரி."

ஸ்டூடியோக்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படத்தைப் பார்த்தார். அவள் தலையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து, ஒரு விரலால் தொப்பியின் விளிம்பைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, எடுக்க முடியாதா?" என்று பதறினார் மெக்கானிக்.

"அதெல்லாம் தாராளமா எடுக்கலாம். இந்தக் கடல் உள்ளதான் சுருட்டிக் கிடக்கு, இப்பவே விரிச்சுடறேன். ஆனா போன வருஷம் இந்தப் படத்துல இருக்கிற அம்மா தலையோட கிளம்பிப் போச்சு பாருங்க, எங்க கடை ஏழாம் நம்பர் தொப்பி, முதல்ல அதைக் கழட்டி வைங்க."