வெறும் தண்ணீரில் ஒரு கண்

பேயைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. காய்ச்சி வடித்த தண்ணீரைப் பார்த்துப் பயந்தவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.

அப்போது நான் கனடாவில், மொன்றியலில் டயட்டம்களை ஆராயும் மாணவி. டயட்டம் என்பது கண்ணாடி ஓட்டுக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசி. செத்தாலும் ஓடு அழியாது. வடக்கே ஓர் ஏரியில் எடுத்த நீரில், எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று கிடைத்தது. (நான் புரட்டியவை கியூபெக் ஏரிகளைப் பற்றிய இரண்டே இரண்டு புத்தகங்கள்.) ஓட்டின் நடுவில் ஒரு வளையம். நுண்ணோக்கியில் நான் பார்க்க, அது என்னைத் திருப்பிப் பார்த்தது.

புதிய இனம்! ஆய்வேடு முழுவதையும் அதன்மேல் கட்டினேன். அம்மாவின் பெயரையே, தவமணி என்று, அதற்கு வைப்பதாக வீட்டில் அறிவித்தேன். அடுத்த வெள்ளி கோயிலில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் என்னைக் கட்டியணைத்தார்கள்.

பிறகு இன்னோர் ஏரிக்குப் போனேன். அங்கும் அதே கண். மூன்றாவது ஏரியிலும் அதே கண். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத ஏரிகள். பேராசிரியை முகத்தைச் சுளித்தார்.

"வெறும் போத்திலைப் பார்த்தாயா?"

ஒவ்வொரு பயணத்திலும் காய்ச்சி வடித்த நீர் மட்டும் நிரப்பிய போத்தில் ஒன்றையும், ஒப்பிட்டுப் பார்க்க, கூடவே கொண்டுபோவோம். நான் அதைத் தொட்டதே இல்லை. (வெறும் தண்ணீரில் என்ன இருந்துவிடும் என்ற கொழுப்பு.)

அன்று மாலை தனியே இருந்து பார்த்தேன். அங்கும் அது இருந்தது. அது ஏரிகளில் இல்லை, என் பின்னாலேயே வருகிறது என்று பட்டது. விளக்கைக்கூட அணைக்காமல் மெற்றோ ரயில் பிடித்து வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, ஒண்டுமில்லாத போத்திலுக்கையும் அது நிக்குது!"

அம்மா கறியைப் பிரட்டியபடி சொன்னார்: "ஓம் பிள்ளை, எல்லாத்துக்கும் ரெண்டு சொட்டு விட்டனான். ஒண்டை மட்டும் விட்டுவைக்க மனம் வரேல்லை."

"என்னத்தை விட்டனீங்கள்?"

"கீரிமலைத் தீர்த்தம். மாமா ஊரிலையிருந்து கொண்டுவந்தவர். உன்ரை படிப்புச் சரிவரட்டும் எண்டு."

ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின நாள் போத்தில்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தது என் கெட்டித்தனம். கீரிமலை யாழ்ப்பாணத்துக் கடலோரத்துப் புனித ஊற்று; வெப்பநாட்டுப் பாசிகள் பற்றிய புத்தகத்தைத் திறந்தேன். அந்தக் கண் அங்கே, எப்போதோ யாரோ வைத்த பெயரோடு, என்னைப் பார்த்தது. ஆய்வுகூடத்தில் எல்லோர் முன்னாலும் இதை விளக்கியபோது செத்துவிடலாம்போல் இருந்தது. ஒரு வருட வேலை போயிற்று. ஆனாலும் அம்மாவைத் திட்ட வாய் வரவில்லை.

அம்மாவை ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டுக் கனடாவுக்கு எடுக்க ஏழு வருடம் அலைந்தவர் அப்பா. வீட்டுக்கு யார் வந்தாலும் இன்றைக்கும் அவர் தொடங்கிவிடுவார்:

"ஏழு வருசம் கடிதமெழுதித்தான் இந்தத் தவமணியைக் கூப்பிட்டனான். மற்றத் தவமணியைப் பாருங்கோ, இன்ரவியூவும் இல்லை, விசாவும் இல்லை, வந்த உடனை மூண்டு ஏரியிலை வீடெடுத்திட்டுது!"